ஆற்றை பிள்ளை என்று கேட்டால்

மகளே,

நீ இதைப் படிக்கிறபோது உனக்கு என்னைவிட வயது கூடுதலாக இருக்கலாம். இதை எழுதுகிற எனக்குப் பத்தொன்பது வயது. நீ சேலையில் கட்டிய ஏணைக்குள் நித்திரை. ஒரு கால் மட்டும் சேலைக்கு வெளியே தொங்குகிறது. நான் அதிகம் கதைக்கிறவள் இல்லை என்பது இதற்குள் உனக்கே தெரிந்திருக்கும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். என் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அப்பாவுக்குச் சமைக்க ஆள் தேவைப்பட்டது. கொஞ்ச நாளுக்கு என்றுதான் நின்றேன், பிறகு போகவே இல்லை. அதனால் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் இதை நான் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் நீ நடக்கத் தொடங்கினதும் எங்கள் ஊர் கரம்பொனில் யாராவது உன் கன்னத்தைக் கிள்ளி, “நீ பாரிஸிலை வளரவேண்டிய பிள்ளையெல்லே, உன்ரை கொம்மாதான் விடேல்லை” என்று சொல்லுவார்கள். உன் ஞானஸ்நானத்தன்று எங்கள் வாசலில் பாதி ஊர் நின்றது. ஒவ்வொருவரும் தாங்கள் கண்டதைச் சொல்லுவார்கள். நான் கண்டதையும் நீ தெரிந்துகொள். இதை ஒளித்து வைக்கப்போவதில்லை. உன் அப்பாவும் படிக்கலாம், மாமியும் படிக்கலாம், கிள்ளுகிறவர்களும் படிக்கலாம்.

உன் மாமி, உன் அப்பாவின் அக்கா, நல்லவர். இதை முதலில் எழுதிவிடுகிறேன். சண்டை நாட்களில் பாரிசுக்குப் போய், உணவகக் குசினிகளில் கோப்பை கழுவி, உன் அப்பாவைப் படிப்பிக்கப் பார்த்தவர் அவர். உன் அப்பா படிக்கவில்லை, கடலுக்குப் போனார், அது வேறு கதை. எங்கள் வீட்டுக் கூரை மாமி அனுப்பிய காசில் வந்தது. பிந்திக் கலியாணம் கட்டியவர், பிள்ளை இல்லை. எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கியிருக்கிறார். நீ தை மாதம் பிறந்தாய். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மாமி போனில் உன் முகம் பார்ப்பார். நீ கொட்டாவி விட்டாலும் அங்கே அவர் கையைத் தட்டுவார். உன்னைத் தரச் சொல்லி மாமி ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டவர் உன் அப்பா. வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்க்காமலே, “அக்காவிட்டைப் பிள்ளையை வளர்க்கக் குடுத்தால் என்ன? எங்களுக்கு ஆண்டவர் இன்னும் தருவார்” என்றார். நான் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் எல்லோரும் அதை ‘ஓம்’ என்றுதான் எடுப்பார்கள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு கிழமைக்குள் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியைப் பார்த்துவிட்டார்கள். குவைத்திலிருந்து என் அம்மா, “குடு பிள்ளை, அங்கை அவள் ராசாத்தி மாதிரி வளருவாள். இஞ்சை என்ன கிடக்கு?” என்றார். என் அம்மா சொன்னது பொய் இல்லை. உனக்குக் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது என்று நானும் யோசித்துத்தான் பார்த்தேன். ஆவணியில் மாமி வந்து, உனக்கு ஞானத்தாயாக நின்று ஞானஸ்நானம் முடிப்பதென்றும், காகித வேலை முடியும் வரை நீ அவருடன் யாழ்ப்பாணத்தில் இருப்பாய் என்றும், பிறகு பாரிசுக்கு என்றும் முடிவாயிற்று. நான் நிறையத் தரம் உன் தலையை முகர்ந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

அந்த ஆனி மாதத்தில்தான் ஜோலீன் அக்கா வந்தார். நான் அப்போது றீற்றாக்காவின் விருந்தினர் வீட்டில் பகலில் சமைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன். உன்னையும் கொண்டுபோய்க் குசினிக்குப் பக்கத்தில் ஏணை கட்டிப் போட்டுவிடுவேன். றீற்றாக்கா லெபனானில் நெடுங்காலம் வேலைசெய்துவிட்டு வந்தவர். யாரோடும் எந்தப் பாஷையிலும் சண்டை பிடிப்பார். அந்தப் பெரிய வீடு கனடாவில் இருக்கிற ஒரு குடும்பத்தினுடையது. றீற்றாக்கா பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியை வாங்கி, இரண்டு அறையைத் திருத்தி, வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார். வீட்டுக்காரர் ஒருநாள் வந்து வெளியே போ என்பார்கள் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. இந்தத் தீவுகளில் பாதி வீடு இப்படித்தான், சொந்தக்காரர் ஒரு நாட்டில், சாவி இன்னொருவர் கையில். அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு பெண் தனியே வருகிறாள் என்று போனில் பதிவு வந்தபோது றீற்றாக்கா ஒரு வெள்ளைக்காரியை எதிர்பார்த்தார். ஓட்டோவிலிருந்து இறங்கியது என்னைவிடக் கறுத்த, சுருட்டை முடி வைத்த, முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அக்கா. இறங்கினதும் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுவரைப் படமெடுத்தார். றீற்றாக்காவின் முகம் மாறிவிட்டது.

குசினிக்குள் வந்து என் காதுக்குள், “வந்திட்டாளடி. வீட்டுக்காரற்றை பேத்தியாத்தான் இருக்கும். தமிழ் தெரியாத மாதிரி நடிக்குது, பாத்தியே? அளவெடுக்க வந்திருக்கு” என்றார். அன்றைக்கு நண்டுக்கறி, இறால் பொரியல், புட்டு. மேசையில் வைத்துவிட்டு றீற்றாக்கா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் கூரை ஒழுகிய இடம், தான் மாற்றிய கூரைச் சலாகை, தான் தோண்டித் துப்புரவாக்கிய கிணறு எல்லாம் காட்டினார். ஜோலீன் அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் காலை றீற்றாக்காவுக்குப் பொறுக்கவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு, தன் பெய்ரூட் இங்கிலீஷில் நேரே கேட்டுவிட்டார், உன் தாத்தாவின் வீட்டை எப்போது எடுக்கப்போகிறாய் என்று. ஜோலீன் அக்கா முதலில் விளங்காமல் பார்த்தார். விளங்கினதும் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையெல்லாம் சிந்தியது. நீ ஏணைக்குள் திடுக்கிட்டு அழுதாய்.

சிரித்து முடிந்த பிறகு அவர் சிந்திய தேத்தண்ணியைத் துணியால் துடைத்தார். பிறகு சொன்னதை றீற்றாக்கா எனக்குத் தமிழில் சொன்னார். ஜோலீன் அக்காவின் பேச்சு எல்லாமே எனக்கு றீற்றாக்காவின் வாயால் வந்ததுதான். அதையும் நீ கவனத்தில் வைத்துக்கொள். “தான் தமிழ் ஆளில்லையாம். வெள்ளைக்காரர் கப்பலிலை போறதுக்கு முன்னமே அந்த நாட்டிலை இருந்த ஆக்களாம் இவையள். ஆதிச் சனம். என்ன சொல்லுறா எண்டால், தன்ரை வாழ்க்கையிலை ஒருத்தரும் தன்னைப் பாத்து, இது உன்ரை வீடோ எண்டு கேட்டதில்லையாம். தன்ரை நாட்டிலையே கேட்டதில்லையாம். நான்தான் முதல் ஆளாம்.” சொல்லிவிட்டு றீற்றாக்கா தலையில் கைவைத்தார். “நான் பயத்திலை கேட்டனடி. இந்தப் பிள்ளை அதுக்குப் போய் நன்றி சொல்லுது.”

அதற்குப் பிறகு அவர் மேசையில் சாப்பிடவில்லை, குசினியில் எங்களோடு கீழே இருந்து சாப்பிட்டார். வறண்ட நாட்டுக்குள்ளே ஒரு சின்னப் பட்டணத்தில் சுகாதார நிலையத்தில் வேலை என்றார். போன வருடம் தன் தாய் செத்துப்போனார், அதற்குப் பிறகு அங்கே இருக்க மனம் வரவில்லை, எங்கேயாவது போய்வரலாம் என்று புறப்பட்டேன் என்றார். ஏன் இங்கே என்று றீற்றாக்கா கேட்டார். நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் நிற்கிற படம் ஒன்றைப் பார்த்தாராம். அவரின் தகப்பன் பெரிய மாட்டுப் பண்ணைகளில் குதிரையில் போய் மாட்டு மந்தையைச் சாய்த்து ஓட்டுகிறவராம். எங்கே குதிரை என்றாலும் கால் இழுக்கும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். அவரின் பட்டணத்தில் கடைக்குள் போனால் காவல்காரன் பின்னாலேயே வருவானாம், எதையாவது எடுத்துவிடுவார் என்று. யாழ்ப்பாணச் சந்தையில் ஒரு காலை முழுக்க நடந்தாராம், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம். றீற்றாக்கா இதை எனக்குச் சொல்லிவிட்டு, “கத்தரிக்காய்க் கடையடியிலை தனக்கு அழுகை வந்ததாம். எனக்கும் அங்கைதான் வாறது, விலையைக் கேட்டவுடனை” என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். என்ன சொன்னாய் என்று ஜோலீன் அக்கா கேட்க, றீற்றாக்கா அதையும் மொழிபெயர்த்தார். அவரும் சிரித்தார். ஆனால் வாயைத் திறந்து இங்கிலீஷ் கதைத்தவுடன் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றும், தமிழ் தெரியாததற்குச் சிலர் கோபிக்கிறார்கள் என்றும் சொன்னார். தோலைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, பேச்சைக் கேட்டுத் தள்ளிவிடுகிறார்கள், நான் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்டார். றீற்றாக்கா அவருக்கு இன்னொரு அகப்பை சோறு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் எங்கள் வேதக் கோவிலுக்குப் போனபோது அவரும் கூட நடந்து வந்தார். வாசலடி வரை வந்தவர் உள்ளே வரவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோதும் மதிலோரம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வேதக்காரி இல்லைப்போல என்று றீற்றாக்கா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த நாள் நெடுந்தீவுக்குப் போனோம். றீற்றாக்கா மொழிக்கு, நான் சாப்பாட்டுக்கு, நீ என் இடுப்பில். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு ஏறினோம். காற்றுக் காலம், படகு தூக்கித் தூக்கிப் போட்டது. நீ ஒரு சொட்டும் பயப்படவில்லை. எங்களுக்கு எதிரே நெடுந்தீவு ஆச்சி ஒருவர், மடியில் ஒரு பெட்டி கோழிக்குஞ்சோடு இருந்தார். அவர் ஜோலீன் அக்காவை உற்றுப் பார்த்துவிட்டு, “நீர் ஆற்றை பிள்ளை?” என்றார். இந்தத் தீவுகளில் யாருடைய பிள்ளை என்பதுதான் முதல் கேள்வி. பெயர் பிறகுதான்.

“அவ அவுஸ்திரேலியா, ஆச்சி” என்றார் றீற்றாக்கா.

“அவுஸ்திரேலியாவிலை இருந்தால் என்ன, தாய் தேப்பன் எந்த ஊர்? நெடுந்தீவிலை இருந்தும் கனபேர் அங்கை போனவை.”

“ஐயோ ஆச்சி, தமிழே இல்லை.”

“தமிழ் இல்லாட்டி? வானத்திலை இருந்தே விழுந்தவ? தாய் தேப்பன் இருப்பினம்தானே. கேள் பிள்ளை.”

றீற்றாக்கா சலித்துக்கொண்டு கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஜோலீன் அக்கா நிமிர்ந்து இருந்தார். முகம் வேறு மாதிரி ஆனது. அவர் ஆச்சியைப் பார்த்தே மெதுவாக, நிறையச் சொன்னார். தகப்பனின் ஆட்கள், அவர்களுடைய ஆறு, அந்த ஆற்றிலிருந்து எந்த மலை வரை அவர்களுக்கு உரித்து, எல்லாம். றீற்றாக்கா முழிசினார். “எனக்கு வாயிலை வராத பேரெல்லாம் சொல்லுறா. ஒரு ஆத்தின்ரை ஆக்களாம்.” ஆச்சி தலையாட்டினார். “ஆத்துப் பக்கத்து ஆக்கள். அப்பிடிச் சொல்லுமன்” என்று திருப்தியாகக் கோழிப்பெட்டியை மூடினார். வழியில் சந்தித்த எல்லோரும் என்ன வேலை, எத்தனை நாள் நிற்பாய் என்றுதான் கேட்டார்கள், எங்கள் ஆட்கள் கேட்கிற மாதிரிக் கேட்டவர் இந்த அம்மா ஒருவர்தான், அங்கேயும் இதுதான் முதல் கேள்வி என்று ஜோலீன் அக்கா சொன்னார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எங்களிடம் இந்தக் கேள்வியை எப்போதும் நல்லதுக்குக் கேட்பதில்லை, மகளே. உனக்கும் தெரியவரும். இருக்கக் கதிரை கொடுக்கலாமா, தேத்தண்ணியை எந்தக் கோப்பையில் கொடுக்கலாம் என்று பார்க்கவும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். உன் அப்பாவின் ஆட்கள் கரையார், கடல்தொழில் சாதி என்று தெரிந்ததும் சிரிப்பைச் சுருக்கிக்கொண்ட வீட்டு வாசலில் நான் நின்றிருக்கிறேன். அதனால் எனக்கு அந்தக் கேள்வி கேட்டால் குனியத்தான் தெரியும். அதைக் கேட்டு ஒருவர் நிமிர்ந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

நெடுந்தீவின் வெளியில் நிழல் இல்லை. கல் அடுக்கிய வேலிகளைத் தாண்டிப் போனால் காய்ந்த புல்லும் வெயிலும்தான். மட்டக்குதிரைகள் ஒரு குட்டைக்குப் பக்கத்தில் கூட்டமாக நின்றன. விலா எலும்பு தெரிந்தது. ஜோலீன் அக்கா கிட்டப் போகாமல், தூரத்தில் பக்கவாட்டாகத் திரும்பி நின்றார். அவற்றைப் பார்க்காத மாதிரி நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டி தானாகவே நாலடி கிட்ட வந்து நின்றது. தகப்பன் அப்படித்தான் நிற்பாராம். நான் தண்ணீர் குடிப்பதற்காக உன்னை அவர் கையில் கொடுத்தேன். அவர் உன்னைத் தோளில் போட்டு, தன் மொழியில் ஏதோ பாட்டு மாதிரி முணுமுணுத்தார். நீ அவர் முடிக்குள் விரலை விட்டு இழுத்தாய். றீற்றாக்கா பகிடியாகத்தான் சொன்னார், “வடிவாப் பிடிச்சுக்கொள்ளும், இன்னும் ரெண்டு மாதத்திலை இவ பாரிஸ்காரி.” பிறகு என்ன ஏது என்று இங்கிலீஷில் முழுவதையும் சொன்னார். மாமி, ஞானஸ்நானம், காகிதம், எல்லாம். நல்ல செய்தி சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

ஜோலீன் அக்கா உன் விரலைத் தன் முடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். உன்னை என் கையில் தந்தார். பிறகு குட்டையைச் சுற்றி நடந்து மறுபக்கம் போய்விட்டார். குதிரைகள் விலகி வழிவிட்டன. நெடுநேரம் வரவில்லை. “நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?” என்று றீற்றாக்கா என்னைக் கேட்டார்.

திரும்பி வரும்போது படகில்தான் கதைத்தார். அவரின் தாய்க்கு நாலு வயதாக இருக்கும்போது, அரசாங்கத்து வாகனம் ஒன்று வந்து அவரைப் பெற்றவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போனதாம். அந்த நாட்டில் அப்போது அப்படி ஒரு சட்டம் இருந்ததாம், இந்த மக்களின் பிள்ளைகளை எடுத்து வெள்ளைக்காரர் மாதிரி வளர்ப்பதென்று. வெள்ளைக்காரச் சிஸ்டர்மாரின் மடத்தில் வளர்ந்தாராம் அவரின் தாய். அதைக் கேட்டதும் அவர் ஏன் கோவில் மதிலடியிலேயே நின்றார் என்று எனக்கு விளங்கியது. சாகும் வரை வீட்டு வாசலில் ஒரு வாகனம் நின்றால் தாய் எழும்பிக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாராம். பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற சொந்த மகனின் வாகனம் என்றாலும் நிற்பாராம். தாயின் ஆட்கள் யார் என்று கேட்டால் மடத்தின் பெயரைத்தான் சொல்லுவாராம், வேறு பெயர் அவரிடம் இல்லை. ஜோலீன் அக்கா வளர்ந்த பிறகு தேடித் தேடி, ஒரு தூர ஊரில் தாயின் அக்கா ஒருவரைக் கண்டுபிடித்தார். அந்தக் கிழவி ஜோலீன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லையாம். குனிந்து காலைப் பார்த்தாராம். “இது என் தங்கையின் கால்” என்றாராம். அப்போது தாய் உயிரோடு இருந்தார். ஆனால் வரமாட்டேன் என்றுவிட்டார். அங்கே போய் எந்தப் பாஷையில் அழுவது என்று கேட்டாராம்.

றீற்றாக்கா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எனக்கு இதைச் சொன்னார். ஜோலீன் அக்கா அப்போது என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். “இது அப்பிடி இல்லை எண்டு தனக்குத் தெரியுமாம். உன்ரை மச்சாள் பொலிஸ் இல்லையாம், சொந்த இரத்தமாம். நீ குடுக்கிறியாம், ஆரும் பறிக்கேல்லையாம். தான் ஒண்டும் சொல்ல வரேல்லையாம். சிஸ்டர்மாரும் அடிச்சுக் கிடிச்சுச் செய்யேல்லையாம். நல்ல சாப்பாடாம். காலுக்குப் போட்ட சப்பாத்தும் நல்ல சப்பாத்து எண்டு தாய் சொல்லுறவவாம்.” பிறகு அவர் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார். இரண்டு நாளில் போய்விட்டார். போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். ‘கொடு’ என்றும் சொல்லவில்லை, ‘கொடுக்காதே’ என்றும் சொல்லவில்லை. உனக்கு யாராவது, ஒரு வெளிநாட்டுக்காரி வந்து உன் தாயின் மனதைக் கெடுத்துவிட்டாள் என்று சொன்னால் நம்பாதே.

அந்த இரண்டு மாதமும் எனக்குள் என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுதத் தெரியவில்லை. குவைத்திலிருந்து என் அம்மா போனில் பேசும்போது, நான் பெரியபிள்ளையானதைப் போனில் சொன்ன நாள் நினைவுக்கு வந்தது. அம்மா அங்கே அழுதார், இங்கே தண்ணீர் வார்த்தது பக்கத்து வீட்டுக்காரி. அம்மாவும் நல்லதுக்குத்தான் போனார். குவைத்திலிருந்து எனக்கு வந்ததும் நல்ல சப்பாத்துத்தான். ஒருநாள் உன் அப்பாவிடம் சொல்ல முயன்றேன். “இஞ்சாருங்கோ” என்று தொடங்கினேன். “என்ன?” என்றார். அவர் கண்ணெல்லாம் உப்பேறிச் சிவந்திருந்தது, கடலில் பிடிபாடு ஒன்றும் இல்லாமல் வந்திருந்தார். “சோறு போடட்டே?” என்று கேட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஆவணியில் மாமி வந்தார். விமானத்தால் இறங்கிக் கொழும்பிலிருந்து நேரே வந்து, குளிக்கவும் இல்லை, உன்னை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். உனக்குக் கொண்டுவந்த வெள்ளைச் சட்டையை உன் மேல் வைத்து அளவு பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். எங்கள் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கோவிலுக்கும் கோவிலிலிருந்தும் ஞானத்தாய்தான் பிள்ளையைத் தூக்குவார். பெற்றவள் வெறுங்கையோடு கூட நடப்பாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் பெற்றவள் படியில் ஏறி நிற்பாள். ஞானத்தாய் கீழே நின்று, “அஞ்ஞானியா வாங்கினன், கிறிஸ்தவனாத் தாறன்” என்று சொல்லிப் பிள்ளையை அவள் கையில் கொடுப்பார். பிறகுதான் எல்லோரும் உள்ளே போய்ச் சாப்பிடுவார்கள். அன்றைக்கு அந்தப் பகுதியை விட்டுவிடுவதென்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். மாமி உன்னோடு நேரே உள்ளே போவார். பின்னேரம் வான் வரும், யாழ்ப்பாணம் போவார்கள். எனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். அதனால்தான் அவ்வளவு பேர் வாசல் வரை வந்தார்கள்.

கோவிலில் தலையில் தண்ணீர் ஊற்றியபோது நீ அழவில்லை. வெயிலில் நடந்து வந்தோம். மாமி உன் முகத்துக்குத் தன் சேலைத் தலைப்பால் நிழல் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலுக்குக் கிட்ட வந்தபோது நான் விரைவாக நடந்து படியில் ஏறித் திரும்பி நின்றேன். திரும்புகிற வரைக்கும் அப்படிச் செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. மாமி கீழே நின்றார். நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

“தாங்கோ மச்சாள்.”

மாமி என்னைப் பார்த்தார், பிறகு உன் அப்பாவைப் பார்த்தார். “என்ன பிள்ளை இது?”

“இஞ்சை பார், உள்ளை போய்க் கதைப்பம். சனம் நிக்குது” என்றார் உன் அப்பா.

“ஏலாது” என்றேன்.

என் வாழ்க்கையில் ஆட்களுக்கு முன்னால் அந்தச் சொல்லை அதற்கு முதல் நான் சொன்னதில்லை. எல்லோருக்கும் கேட்டது. யாரோ ஒரு மனுசி, “வாய் திறந்திட்டாள்” என்று சொன்னது எனக்கும் கேட்டது. மாமியின் முகம் சிவந்து பிறகு வெளிறியது. “நான் என்ன களவெடுத்தே கொண்டு போறன்? கேட்டுத்தானே, பிள்ளை. எல்லாரும் ஓம் எண்டுதானே.”

“நான் ஓம் எண்டு சொல்லேல்லை மச்சாள். சும்மா இருந்தனான். அது என்ரை பிழை. நீங்கள் நல்லனீங்கள். எண்டாலும் தாங்கோ.”

உன் அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். மாமி தலையை மட்டும் ஆட்டி அவரை நிற்பாட்டினார். பிறகு உன்னை என் பக்கம் நீட்டினார். உன் சட்டையின் லேஸ் அவரின் சங்கிலியில் மாட்டிக்கொண்டது. நானும் அவரும் தலையோடு தலை முட்டக் குனிந்து அதைக் கழற்றினோம். கனநேரம் எடுத்தது. அவரின் கண்ணீர் என் கையில் விழுந்தது. சொல்லவேண்டிய வசனத்தை அவர் சொல்லவில்லை. நான் உன்னை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பந்தியில் பாதிப் பேர் சாப்பிடாமலே போனார்கள்.

உன் அப்பா என்னோடு பேசவில்லை. என் அம்மா போனை எடுக்கவில்லை. நான் செய்தது சரிதானா என்று கேட்டால், எனக்குத் தெரியாது, மகளே. நீ படிக்க ஆசைப்பட்டு எங்களால் முடியாமல் போகிற ஒரு நாள் வரலாம், அன்றைக்கு நீ என்னை வெறுக்கலாம். அந்த வெறுப்பை என் முகத்துக்கு நேரே, எனக்கு விளங்குகிற பாஷையில், என் வீட்டில் நின்று சொல்லுவாய் என்பதுதான் நான் எடுத்துக்கொண்டது. பாரிசில் கிடைக்கவிருந்த மற்றவை எல்லாம் உன் கையை விட்டுப் போயிருக்கலாம். நீ யாருடைய பிள்ளை என்று கேட்டால் குனியாதே. கதிரை கொடுக்கலாமா என்று பார்க்கக் கேட்கிறவர்களுக்கு முன்னாலும் குனியாதே.

றீற்றாக்கா பொறுக்காமல் அன்றைக்கே ஜோலீன் அக்காவுக்குக் குரல் பதிந்து அனுப்பிவிட்டார். பெரிய புகழ்ச்சியாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார். வந்தது ஒரு கேள்விதான். “பிள்ளையின்ரை மாமி எப்பிடி இருக்கிறா எண்டு கேக்கிறா” என்று றீற்றாக்கா வந்து சொன்னார். நான் அதுவரை அதை நினைக்கவில்லை. மாமி இருந்த அறைக்குள் தேத்தண்ணி கொண்டு போனேன். மாமி உனக்காக வாங்கிய உடுப்புகளை மடித்துக் கொண்டிருந்தார். பெட்டிக்குள் வைக்கவில்லை, கட்டிலில் உன் பக்கமாக அடுக்கினார். “இது அவளுக்கு வாற வருசம்தான் அளவா இருக்கும். இப்ப போடாதை” என்றார்.  நான் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

நேற்று வான் வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். உன் அப்பா முன்னால் ஏறினார், விமானநிலையம் வரை போக. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு வானடிக்குப் போய், “கொஞ்ச நேரம் வைச்சிருங்கோ மச்சாள்” என்று நீட்டினேன். மாமி கையை நீட்டிவிட்டு, திரும்ப எடுத்துக்கொண்டார். “வேண்டாம் பிள்ளை. பிறகு தர ஏலாமல் போயிடும்” என்றார். உன் காலை மட்டும் தொட்டார். கதவைச் சாத்தினார்கள்.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ பெரியவளான பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் போ, நான் மறிக்கமாட்டேன். ஆனால் முதலில் பாரிசுக்குப் போ. மாமி வயதுபோயிருப்பார், கதவைத் திறக்க நேரம் எடுப்பார், நின்றுகொள். அவர் உன்னை ஒன்றும் கேட்கமாட்டார், நீயாகப் போய் அவருக்குப் பக்கத்தில் இரு. நீ எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவர் உன்னை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கட்டும். திருப்பிக் கேட்க நான் அங்கே நிற்கமாட்டேன்.

உன் அம்மா